நாய்த் துணைக்காகவே ஒரு கேம்: எதைத் தேர்ந்தெடுப்பது?

1984-இல் நின்டெண்டோ வெளியிட்ட டக் ஹன்ட்டில், குறி தப்பிய ஒவ்வொரு முறையும் புல்லுக்குள்ளிருந்து எழுந்து சிரித்த வேட்டை நாயை ஒரு தலைமுறை இன்னும் மன்னிக்கவில்லை. வீடியோ கேம்களில் அதைவிடப் புகழ்பெற்ற நாயைக் காட்டுவது கடினம். ஆனாலும் அதைத் துணை என்று யாரும் சொல்லமாட்டார்கள். புகழ்பெற்ற நாய்களின் பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவை எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுவதால், அடுத்த சில வாரங்களின் மாலைப் பொழுதுகளை ஒரு நாயுடன் கழிக்க விரும்பி ஒரு கேமைத் தேடுபவருக்கு அவை பெரிதாக உதவுவதில்லை. அவருக்காக, விளையாட்டின் தொடக்கத்திலோ நடுவிலோ வந்து சேர்ந்து, நம் பக்கத்திலேயே நடந்து, நம்முடன் சண்டையிடும் நாய்களை மட்டும் இங்கே ஒப்பிடுகிறேன். ஏறத்தாழ 2.4 கோடிப் பிரதிகள் விற்ற நின்டெண்டாக்ஸ் இதில் சேராது. அங்கே நாயை வளர்ப்பதே விளையாட்டு, துணை நிற்பதற்குத் தனியாக ஒரு பயணம் இல்லை. நாமே ஓநாய் வடிவில் திரியும் ஒக்காமியும் சேராது. ஹாஃப்-லைஃப் 2-இல் வரும் டாக் என்ற பேரியந்திரம் பெயரிலும் குணத்திலும் நாய்தான் என்றாலும், அதையும் மனமில்லாமல் ஒதுக்கிவைக்கிறேன். கதை முடிவுகள் சிலவற்றைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது என்பதையும் முன்பே தெரிவித்துவிடுகிறேன்.

இப்போதெல்லாம் ஒரு விளையாட்டில் நாய் இருக்கிறது என்றதும் முதலில் கேட்கப்படுவது, அதைத் தடவிக்கொடுக்க முடியுமா என்பதுதான். அது ஒரு பொத்தானுக்குரிய அசைவு. எந்த நிறுவனமும் ஒரு மாலைக்குள் சேர்த்துவிடலாம். தேர்வுக்கு உதவும் கேள்விகள் வேறு. அந்த நாய் இல்லாவிட்டால் நான் விளையாடும் விதம் மாறுமா? அதற்கு ஆபத்து நேருமா, நேர்ந்தால் விளைவு நிலைக்குமா? நான் சொல்வதையெல்லாம் கேட்கும் கருவியா, அதற்கென்று ஒரு மனம் உண்டா? இவற்றுள் முதல் கேள்வியையே நான் பெரிதாகக் கருதுகிறேன். விளையாடுபவருக்கு இயல்பாகக் கொடுத்திருக்கக்கூடிய ஒரு புலனையோ வசதியையோ அவரிடமிருந்து பறித்து நாயிடம் ஒப்படைத்த விளையாட்டுகளில்தான் நாய் உண்மையில் தேவைப்படுகிறது. எல்லா வசதிகளையும் கொடுத்துவிட்டு, மேலே அலங்காரமாக ஒரு நாயையும் சேர்த்த விளையாட்டுகளில் அது பத்தாவது மணி நேரத்தில் பின்னணியாகிவிடுகிறது.

இந்த அளவுகோலை ஏறக்குறைய முழுமையாக நிறைவேற்றியது, லயன்ஹெட் நிறுவனம் 2008-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்காக வெளியிட்ட ஃபேபிள் 2. அதுபோன்ற சாகச விளையாட்டுகளில் திரையின் மூலையில் எப்போதும் இருக்கும் சிறு வரைபடத்தை அதன் வடிவமைப்பாளர்கள் எடுத்துவிட்டார்கள். கதையின் அடுத்த கட்டத்துக்குப் போகும் வழியைத் தரையில் மின்னும் ஒரு பொன்னிறத் தடம் காட்டிவிடுகிறது. ஆனால் அந்தத் தடத்துக்கு இருபுறமும் என்ன இருக்கிறது என்பது நாய்க்கு மட்டுமே தெரியும். சாலையில் நாம் ஓடிக்கொண்டிருக்கும்போது முன்னால் போகும் நாய் சட்டென நின்று, திரும்பிப் பார்த்துக் குரைத்து, புதருக்கு அப்பால் ஓடி, ஒரு மண்திட்டின்மேல் நின்றுகொண்டு நாம் வரும்வரை அங்கேயே காத்திருக்கும். போய் மண்வெட்டியால் தோண்டினால் ஒரு ரத்தினமோ, ஒரு மருந்துக் குப்பியோ, சில வேளைகளில் எதற்கும் உதவாத ஒரு பொருளோ கிடைக்கும். குரைப்பு உறுமலாக மாறினால் பெட்டி கிடைக்கப்போவதில்லை, கொள்ளையர்கள் வரப்போகிறார்கள் என்று பொருள். இந்த இரண்டு ஒலிகளையும் வேறுபடுத்திக் கேட்கப் பழகிய பிறகு, திரையின் மூலையைப் பார்க்கும் வழக்கமே மறைந்து, நாயின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடும் வழக்கம் வந்துவிடுகிறது.

அந்த நாயிடம் நாம் கட்டளையிடக்கூடியவை மிகக் குறைவு. சண்டையில் கீழே விழுந்த எதிரிகளை அது தானாகவே போய்க் கடிக்கும். காயப்பட்டால் நொண்டிக்கொண்டு பின்னால் வரும். நாம் குனிந்து மருந்திட்டால்தான் தேறும். பயிற்சி நூல்களைத் தேடிப் படித்தால் அதன் மோப்பமும் சண்டைத் திறனும் கூடும். நாம் நல்லவராக வாழ்ந்தால் அதன் ரோமம் வெளுத்தும், கொடியவராக வாழ்ந்தால் கறுத்தும் போகும். குறைகளும் உண்டு. புதையல் கிடக்கும் திசையைக் காட்டிவிட்டுச் சுவரோரம் சிக்கித் திணறும் வேளைகள் உண்டு. கதையின் அவசரமான கட்டத்தில் பழைய சப்பாத்துக்காக நம்மை அழைக்கும் வேளைகளும் உண்டு. இந்தக் குறைகளை நான் பொருட்படுத்துவதில்லை, ஏனெனில் கதையின் கடைசிப் பகுதியில் வில்லனான லூசியன் துப்பாக்கியை உயர்த்தும்போது குறுக்கே பாய்ந்து அந்த நாய் இறந்த பின், விளையாட்டு எதையும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அந்த வெற்றிடம் உணரப்படுகிறது: புதையல் இருக்குமிடம் தெரிவதில்லை, பதுங்கியிருக்கும் எதிரி தெரிவதில்லை. இறுதியில் நமக்கு ஒரே ஒரு வரம் தரப்படுகிறது. இறந்துபோன ஆயிரக்கணக்கானோரை உயிர்ப்பிக்கலாம். குடும்பத்தையும் நாயையும் திரும்பப் பெறலாம். அல்லது பெருஞ்செல்வம் பெறலாம். முகம் தெரியாத ஆயிரம் பேரைவிட ஒரு நாய் பெரிதாகத் தோன்றும் அளவுக்கு முந்தைய பத்துப் பதினைந்து மணி நேரத்தை அமைத்திருந்ததுதான் இந்த விளையாட்டின் சாதனை. 2010-இல் வந்த ஃபேபிள் 3-இலும் நாய் வருகிறது. ஆனால் அதே அழுத்தம் அதில் இல்லை.

ஃபேபிள் 2-க்கு நேர் எதிர் முனையில் நிற்பது 2015-இன் மெட்டல் கியர் சாலிட் 5: தி ஃபாண்டம் பெய்ன். ஆப்கானிஸ்தான் களத்தில் தனியாகத் திரியும் ஒரு குட்டியைப் பலூனில் கட்டி ஆகாயவழியே தளத்துக்கு அனுப்பினால், அது ஓசலாட் என்ற கூட்டாளியின் பயிற்சியில் வளர்ந்து, ஒரு கண்ணில் பட்டையுடன் டி-டாக் என்ற பெயரில் நம்முடன் களமிறங்கும். எதிரியின் காவல் சாவடி ஒன்றின் அருகே மேட்டில் படுத்துக்கொண்டு நாயை விட்டுப் பார்த்தால் அதன் திறன் புரியும்: அது மூக்கை உயர்த்திய சில நொடிகளில், சுவருக்கு அப்பால் நிற்கும் காவலர்கள், புதைத்து வைத்த கண்ணிவெடிகள், அடைத்து வைத்த கைதிகள், பறிக்கத் தகுந்த செடிகள், பிடிக்கத் தகுந்த விலங்குகள் என எல்லாம் திரையில் அடையாளமிடப்பட்டுவிடும். குரைத்துக் காவலரைத் திசைதிருப்பச் சொல்லலாம். அதற்குரிய உடையைத் தயாரித்தபின் கத்தியால் தாக்கவோ மின்னதிர்ச்சி கொடுத்து மயக்கவோ சொல்லலாம். கட்டளை துல்லியம், கீழ்ப்படிதல் துல்லியம். நாய்த் துணையைத் தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதைவிடச் சிறந்த வடிவமைப்பு இன்றுவரை இல்லை எனலாம்.

அந்தச் சிறப்பே அதன் சிக்கலும் ஆகிறது. தொலைநோக்கியால் நாமே ஒவ்வொரு காவலராகத் தேடி அடையாளமிடுவது அந்த விளையாட்டின் இன்பங்களுள் ஒன்று. டி-டாக் வந்தபின் அந்த உழைப்பு தேவையற்றதாகிவிடுகிறது. ஆட்டம் ஒரு படி எளிதாகிவிடுகிறது. ஃபேபிள் 2 நம்மிடமிருந்து வரைபடத்தை எடுத்து நாயிடம் தந்தது. இங்கே நம்மிடம் ஏற்கெனவே கண் இருக்க, நாய் இன்னொரு கண்ணாக வந்து சேர்கிறது. ஒரு நேரத்தில் ஒரு துணையைத்தான் அழைத்துச் செல்ல முடியும் என்ற விதி இருப்பதால், குதிரையையோ குறிபார்த்துச் சுடும் குவையட்டையோ தேர்ந்தெடுத்துக் கடினத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம். பலரும் அப்படிச் செய்வதில்லை, நாயையே அழைத்துச் செல்கிறார்கள் என்றால், அதற்கு அதன் பயன் மட்டுமே காரணமா, ஹெலிகாப்டரிலிருந்து இறங்கும்போது வாலாட்டிக்கொண்டு ஓடிவருவதும் காரணமா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ஃபார் கிரை 5-இல் (2018) வரும் பூமர் இதே வகையைச் சேர்ந்தது. எதிரிகளை அடையாளமிடும், அவர்களின் ஆயுதத்தைக் கவ்விக்கொண்டு வரும். பூசணித் தோட்டத்தில் எசமானர்களை இழந்த நாயாக அறிமுகமாகும் முதல் காட்சிக்குப் பிறகு அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கால் ஆஃப் டூட்டி: கோஸ்ட்ஸில் (2013) வந்த ரைலி விளம்பரங்களில் நிறையத் தோன்றியது, கதையிலோ சில கட்டங்களில் மட்டுமே வருகிறது, நாய்க்காக அதை வாங்குபவர் ஏமாறுவார்.

அடுத்து, நாய் என்றதும் பெரும்பாலோர் பரிந்துரைக்கும், அணுப்போரில் பாழான உலகில் நடக்கும் ஃபால்அவுட் வரிசை. டாக்மீட் என்ற பெயர் 1997-இல் வந்த முதல் விளையாட்டிலிருந்தே தொடர்கிறது. ஜங்க்டவுன் என்ற ஊரில் ஒரு வீட்டு வாசலை மறித்து நிற்கும் நாய்க்கு உணவு கொடுத்தாலோ, தோல் சட்டை அணிந்து போனாலோ அது நம்முடன் வந்துவிடும். அன்றைய செயற்கை அறிவு எளிமையானது. கதையின் பிற்பகுதியில் வரும் இராணுவத் தளத்தின் மின்தடுப்புகளுக்குள் அது தானாக நடந்து போய்ச் செத்துவிடும். அதை உயிருடன் கடைசிவரை கொண்டுபோவதற்காகச் சேமித்த இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் தொடங்கியவர்கள் பலர். 2008-இன் ஃபால்அவுட் 3-இலும் டாக்மீட் இறந்தால் இறந்ததுதான். பின்னர் வெளிவந்த புரோக்கன் ஸ்டீல் என்ற கூடுதல் பகுதியில், இறந்த நாய்க்குப் பதிலாக அதன் குட்டி கிடைக்கும் ஒரு சிறப்புத் திறனைச் சேர்த்தார்கள். இழப்பைத் தாங்க முடியாத விளையாட்டாளர்களுக்கும், இழப்பே இல்லாவிட்டால் பாலைநிலத்தில் பயம் ஏது என்று நினைத்த வடிவமைப்புக்கும் இடையே ஏற்பட்ட ஒரு சமரசமாகவே அதைப் பார்க்கிறேன்.

2015-இன் ஃபால்அவுட் 4 அந்த விவாதத்தையே முடித்துவிட்டது. அதில் டாக்மீட் இறப்பதில்லை. அடிபட்டால் தரையில் படுத்து முனகும், ஊசி மருந்து போட்டால் எழுந்துவிடும். ரிவர் என்ற உண்மையான ஜெர்மன் ஷெப்பர்டை முன்மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்ட நாய் அது. ரிவர் 2021-இல் இறந்தபோது, எக்ஸ்பாக்ஸும் விளையாட்டை உருவாக்கிய பெதஸ்டாவும் சேர்ந்து ஒரு விலங்குநல அமைப்புக்கு 10,000 டாலர் நன்கொடை அளித்தன. அந்த உழைப்பு அசைவுகளில் தெரிகிறது: நாம் நின்றால் சுற்றிலும் மோந்து பார்க்கும், கிடைத்த பொம்மையைக் கவ்விக்கொண்டு வரும், கழுத்தில் துணி கட்டிவிட்டால் அதோடு திரியும். அந்த விளையாட்டின் மற்றத் துணைகள் எல்லாரும் நம் செயல்களைப் பார்த்து விருப்பும் வெறுப்பும் காட்டுவார்கள். டாக்மீட் மட்டும் எதையும் மதிப்பிடுவதில்லை. தனியாகத் திரிபவருக்குக் கிடைக்கும் சலுகைத் திறனும் அது உடனிருக்கும்போது தொடர்ந்து செயல்படுகிறது. சுருட்டின் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒரு கொலைகாரனைத் தேடி அது நம்மை மைல்கணக்கில் அழைத்துச் செல்லும் ஒரு பகுதியில், ஓடிப்போய் நின்று, திரும்பிப் பார்த்து, மீண்டும் ஓடும் அந்த நாய்தான் நாயகன். நாம் அதன் துணை. அப்படியொரு பகுதி இன்னும் நான்கு இருந்திருந்தால் என் முதல் தேர்வு மாறியிருக்கும். எஞ்சிய நேரமெல்லாம் அது நல்ல கூட்டாளி. குறுகிய கதவுநிலைகளை மறித்துக்கொண்டு நிற்பதில் மட்டும் கெட்ட கூட்டாளி. 2010-இன் ஃபால்அவுட்: நியூ வேகஸில் வரும் ரெக்ஸ் என்ற பாதி இயந்திர நாயைப் பற்றி ஒரு சொல்: அதன் மூளை நைந்துகொண்டே வருகிறது, வேறொரு நாயின் மூளையைப் பொருத்தினால்தான் பிழைக்கும், எந்த நாயுடையது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். நாயைக் காப்பாற்ற இன்னொரு நாயின் மூளையைத் தேடி அலையவிட்ட கொடூரமான நகைச்சுவை அந்த விளையாட்டுக்கே உரியது.

நாய் சாகக்கூடியதாக இருக்க வேண்டுமா என்பதில் கேம் வடிவமைப்பாளர்கள் ஒத்த கருத்துக்கு வந்ததே இல்லை. 1990-இல் சேகா மெகா டிரைவில் வெளிவந்த ஷாடோ டான்சர்: தி சீக்ரெட் ஆஃப் ஷினோபியில், நிஞ்சாவுடன் வரும் யாமட்டோ என்ற நாயைத் தவறான நேரத்தில் ஏவினால் அது அடிபட்டுக் குட்டியாகச் சுருங்கிவிடும், சற்று நேரம் கழித்துப் பழைய உருவத்துக்கு வரும். தண்டனையும் உண்டு, துக்கமும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இதைவிட நேர்த்தியான தீர்வு எனக்குத் தென்படவில்லை. 2009-இன் டார்ச்லைட்டில் உயிர் குறைந்தால் நாய் ஓடி ஒளிந்துகொள்கிறது. மூட்டை நிறைந்தால் அதன் முதுகிலேயே ஏற்றி ஊருக்கு அனுப்பி விற்றுவரவும் சொல்லலாம், அது இல்லாத நேரத்தில் நாம் தனியாகத் தாக்குப்பிடிக்க வேண்டும்.

உண்மையான இழப்பைத் தாங்கத் தயாராக உள்ளவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வயது வேறுபாடின்றி எல்லாரும் விளையாடும் மைன்கிராஃப்ட். அதில் 2011 முதல் காட்டு ஓநாய்க்கு எலும்பு கொடுத்துப் பழக்கலாம். பழகியதும் கழுத்தில் சிவப்புப் பட்டை தோன்றும். கையில் இறைச்சியோ எலும்போ இருந்தால் தலையைச் சாய்த்துப் பார்க்கும். அதன் உடல்நலத்தை அறிய எண் எதுவும் காட்டப்படுவதில்லை. வால் தாழ்ந்திருந்தால் உயிர் குறைந்திருக்கிறது என்று நாமே புரிந்துகொண்டு இறைச்சி ஊட்ட வேண்டும். உட்காரச் சொல்லாவிட்டால் எங்கு போனாலும் பின்தொடர்ந்து வந்து, நாம் இறங்கும் சுரங்கத்தின் எரிமலைக் குழம்பில் விழுந்து மாண்டுபோகும். 2024-இல் ஓநாய்க்குக் கவசமும் புதிய தோற்றங்களும் சேர்க்கப்பட்ட பிறகு நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. கதையே இல்லாத ஒரு விளையாட்டில், வாலின் கோணம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு அக்கறையை வரவழைத்திருப்பது வியப்புக்குரியது. ஆனாலும் நாய் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை; பெரும்பாலோரின் நாய்கள் வீட்டு வாசலில் உட்காரவைக்கப்பட்டு அங்கேயே இருந்துவிடுகின்றன.

மற்றொன்று, 1987-இல் தொடங்கி இன்றும் இலவசமாகக் கிடைக்கும் நெட்ஹேக். எழுத்துகளாலும் குறிகளாலும் வரையப்படும் அந்த நிலவறையில் நாய் என்பது திரையில் ஓர் எழுத்து, அவ்வளவுதான். இருந்தும் ஃபேபிள் 2-இன் தத்துவத்தை அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கடைப்பிடித்த விளையாட்டு இதுதான். கீழே கிடக்கும் பொருள் சபிக்கப்பட்டதா என்று தொடக்கத்தில் நமக்குத் தெரிய வழியில்லை, ஆனால் நாய்க்குத் தெரியும். சபிக்கப்பட்ட பொருளின்மேல் அது காலை வைக்கத் தயங்கும், அப்படியே வைத்தாலும் மனமின்றி நகர்வதாக ஒரு வரி வந்து நமக்குச் சொல்லும். கடைக்குள் புகுந்து பொருளைக் கவ்விக்கொண்டு வாசலருகே போட்டுவிட்டு வரும். பொறுமையாகக் காத்திருந்தால் காசு கொடுக்காமலேயே அதை எடுத்துக்கொள்ளலாம். படியிறங்கும்போது நாய் நம்மை ஒட்டி நிற்காவிட்டால் அது மேலேயே தங்கிவிடும், நெடுநேரம் பிரிந்திருந்தால் பழக்கம் விட்டுப்போய்ப் பகையாகவும் கூடும். நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அது இறந்தால், ஒரு கணம் துயரம் தோன்றி மறைந்ததாக ஒரே ஒரு வரி வரும், விளையாட்டு தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும். சாமுராயாகத் தொடங்குபவரின் நாய்க்கு ஹாச்சி என்று பெயர். கற்றுக்கொள்ள மிகக் கடினமான விளையாட்டு என்பதால் இதை எல்லாருக்கும் பரிந்துரைக்க முடியாது. பரிந்துரைக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்கு இருக்கிறது.

நாய்க்கு மனம் உண்டா என்ற கேள்விக்கு அதிகம் மெனக்கெட்டவை திகில் விளையாட்டுகளே. காப்காம் 2005-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வெளியிட்ட ஹாண்டிங் கிரவுண்டில், ஒரு கோட்டையில் அடைபட்ட ஃபியோனாவால் தன்னைத் துரத்துபவர்களை எதிர்த்துப் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. தாக்கும் வலிமை ஹ்யூயி என்ற வெள்ளை ஷெப்பர்டிடம்தான் இருக்கிறது. அந்த நாயோ தொடக்கத்தில் சொல்பேச்சுக் கேட்பதில்லை. வா என்றால் வேறெங்கோ மோந்துகொண்டிருக்கும், போ என்றால் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். சரியாகச் செய்தவுடன் பாராட்ட வேண்டும், தவறினால் கண்டிக்க வேண்டும், இரண்டையும் தவறான நேரத்தில் செய்தால் குழம்பிவிடும். உதைத்துத் துன்புறுத்தினால் உறவு கெட்டு, கதையின் போக்கையே அது பாதிக்கும். அலமாரிக்குள் ஒளிந்திருக்கும்போது கட்டளையை மதிக்காத நாயின் அருமையும், சில மணி நேரத்துக்குப் பின் அதே நாய் கேட்காமலேயே குறுக்கே பாயும்போது அதன் அருமையும் ஒரே அளவில் தெரியும். 2006-இன் ரூல் ஆஃப் ரோஸில் பிரவுன் என்ற நாய்க்கு ஒரு பொருளை மோந்து பார்க்கக் கொடுத்தால்தான் அடுத்த தடயத்துக்கு வழி தெரியும்; சண்டைப் பகுதிகள் அவ்வளவு மோசமாக இருந்தும் அந்த நாய்க்காகவே அதை நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. இவ்விரண்டையும் சட்டப்படி வாங்க வேண்டுமானால் பெரும்பாலும் பழைய வட்டுகளைத்தான் தேட வேண்டும், அதனால் ஒப்பீட்டில் உயர்ந்த இடத்தில் இருந்தும் பரிந்துரையில் பின்தங்குகின்றன. எளிதில் கிடைக்கும் மாற்று, 2019-இன் பிளேர் விட்ச். அதில் காட்டுக்குள் வழி கண்டுபிடிப்பதும், எதிரி எந்தத் திசையில் இருக்கிறான் என்று குரைத்துக் காட்டுவதும் புல்லட் என்ற நாயின் பொறுப்பு. அதை நடத்திய விதம் முடிவில் எதிரொலிக்கும். கதை தடுமாறும் இடங்கள் உண்டு. ஆனால் நாய் சற்று நேரம் கண்ணில் படாமல் போகும்போது காடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்பதை அந்த விளையாட்டு நன்கு புரிந்து வைத்திருக்கிறது.

நாயைக் கருவியாகவோ காவலாகவோ பார்க்காமல் குழுவில் ஓர் ஆளாகவே நடத்திய விளையாட்டுகள் மூன்றாம் வகை. 2009-இன் டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸில், பிரபு குடும்பத்தில் பிறந்த நாயகனாகத் தொடங்கினால் மபாரி இனப் போர்நாய் முதல் நாளிலிருந்தே நம்முடையது, மற்றப் பின்னணிகளில், ஆஸ்டகார் முகாமில் நோயுற்றுக் கிடக்கும் நாய்க்கு ஒரு காட்டுப் பூவைத் தேடிக் கொடுத்தால் பின்னர் வழியில் அது நம்மைத் தேடி வந்து சேரும். பெயரை நாம்தான் சூட்ட வேண்டும். வாளும் கேடயமும் அணிய முடியாது, கழுத்துப்பட்டையும் போர்ச்சாயமும் மட்டுமே; ஆனால் எதிரியைக் கீழே தள்ளி மேலேறிக் குதறும்போது அந்தக் குறை தெரிவதில்லை. ஊர்களில் குறிப்பிட்ட அடையாளச் சின்னங்களைக் கண்டால் நாய்களுக்கே உரிய முறையில் எல்லை குறித்துக்கொண்டு, அந்தப் பகுதியில் கூடுதல் பலம் பெறும். இவையெல்லாம் சண்டைக் கணக்கு. அந்த நாயை நினைவில் நிறுத்துவது மற்றவர்கள் அதனுடன் பேசும் விதம்தான். குழுவில் எவரையும் மதிக்காத போர்வீரன் ஸ்டென் அதை நேருக்கு நேர் நின்று உறுமிப் பார்த்துவிட்டு வீரனாக ஏற்றுக்கொள்கிறான். தன் உள்ளாடைகளுக்கு நடுவே பாதி தின்ற முயலை நாய் ஒளித்து வைத்துவிட்டதாகக் குழுவின் சூனியக்காரி மோரிகன் புகார் செய்கிறாள். நாயகன் சிறைப்பட்டால், கோட்டைக்குள் புகுந்து அவரை மீட்டு வர அனுப்பப்படுவோருள் ஒருவராக நாயையே தேர்ந்தெடுக்கலாம். அதில் ஒரே தடை, நாயகனையும் சேர்த்து நால்வர்தான் குழுவில் இருக்க முடியும் என்பது. நாயை அழைத்துப் போனால், பேசவும் பூட்டுத் திறக்கவும் மருந்திடவும் தெரிந்த ஒருவரை முகாமில் விட்டுவிட்டுப் போக வேண்டும். நாய்க்கென்று தனியிடம் ஒதுக்கும் மாற்றக் கோப்புகளை ரசிகர்களே எழுதி வெளியிட்டது இதனால்தான். கணினியில் விளையாடுபவருக்கு அந்த வசதி உண்டு.

பெர்சோனா 3-இன் கொரோமாரு இதற்கு இணை. எசமானரான கோயில் பூசாரி இறந்த பிறகும் அந்தக் கோயிலைக் காத்துவந்த வெள்ளை நாய் அது. அது வாயில் குறுவாளைக் கவ்விக்கொண்டு சண்டையிடுகிறது, மற்றவர்களைப் போலவே அதற்கும் ஒரு பெர்சோனா, அதாவது மனத்திலிருந்து எழுந்து போரிடும் உருவம், உண்டு, அது சொல்வதை இயந்திரப் பெண்ணான ஐகிஸ் மொழிபெயர்க்கிறாள். 2006-இல் வந்த மூலமும் 2024-இல் வந்த ரீலோடும் ஒரே நாயைத்தான் தருகின்றன. ஆனால் அது குழுவில் சேர்வதற்கு நீண்ட நேரம் ஆகும், விளையாட்டின் கவனமும் மாணவர்கள் மேல்தான். நாய்க்காகத் தொடங்குபவர் காத்திருக்க வேண்டியிருக்கும். 2011-இன் ஸ்கைரிமில் நாய்கள் பல இருந்தும், பேசும் நாயான பார்பாஸ் மட்டுமே தனித்துத் தெரிகிறது. அதன் கதையை முடிக்காமல் இழுத்தடித்தால் சாகாத துணையாக வைத்துக்கொள்ளலாம் என்பது பரவலாக அறியப்பட்ட தந்திரம். விலையாக, நாம் பதுங்கி நிற்கும்போதெல்லாம் அது பின்னாலிருந்து முட்டித் தள்ளுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தேர்வு இப்போது கடினமில்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன் அல்லது அதன் பின்வந்த கன்சோல் வைத்திருப்பவர் தயங்காமல் ஃபேபிள் 2-ஐத் தொடங்கலாம். பழைய விளையாட்டுகளை இயக்கும் வசதியின் வழியே அது அவற்றில் இயங்குகிறது. நாயின் மரணத்தை எந்த நிலையிலும் பார்க்க விரும்பாதவர் அதைத் தவிர்த்துவிட்டு ஃபால்அவுட் 4-க்குப் போகட்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பெட்ரோல் நிலையத்தருகே டாக்மீட் வந்து சேர்ந்துவிடும். ஃபேபிள் 2 கணினிக்கு வந்ததே இல்லை. ஆகவே கணினி மட்டும் உள்ளவருக்கு டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸைத்தான் சொல்வேன், டி-டாக்கை அதற்கு அடுத்தபடியாக. பதுங்கிச் செல்லும் விளையாட்டுகளில் ஏற்கெனவே ஈடுபாடு உள்ளவர் இந்த வரிசையைத் திருப்பிக்கொள்ளலாம், ஆனால் முதல் சில பணிகளை நாயில்லாமல் முடித்துப் பார்த்துவிட்டு அழைத்துச் செல்வது நல்லது. சிறுவர்களுடன் சேர்ந்து விளையாட வேண்டுமானால் மைன்கிராஃப்ட் மட்டுமே. மேற்சொன்ன மற்றவற்றுள் பெரும்பாலானவை இரத்தமும் வன்முறையும் நிறைந்தவை. சிறுவர்கள் நாய்க்குப் பெயர் வைப்பதற்கு முன், சுரங்கத்துக்குள் இறங்கும்போது அதை உட்காரவைத்துவிட்டுப் போகும் கட்டளையைக் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.